பகிர்தலும் செவிமடுத்தலும்

உங்களில் கத்தோலிக்கப் பிள்ளைகள் பலர் பெற்றோருடன் அன்பியக் கூட்டத்திற்குச் சென்றிருப்பீர்கள். ஒரு வீட்டின் முன்னறையில் பாய் விரித்திருக்கும். முக்காலியின் மேல் வெள்ளைத் துணி, அதன்மேல் விவிலியம், அருகில் எரியும் மெழுகுவர்த்தி. பாட்டு முடிந்து நற்செய்திப் பகுதியும் வாசித்தாயிற்று. "இனி உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்" என்கிறார் பொறுப்பாளர். உடனே அனைவருடைய கண்களும் பாயின் கோரைகளை எண்ணத் தொடங்கிவிடுகின்றன! யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சென்ற ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். அடுத்தவர் அதை ஆமோதிக்கிறார். பிறகு சுண்டல் வந்துவிடுகிறது.

இது பகிர்தல் அல்ல, பாடம் ஒப்புவித்தல். "இறைவன் நம்மை அன்பு செய்கிறார்" என்று சொல்வது உண்மைதான். ஆனால் அதை ஞானோபதேச நூலும் சொல்கிறது. "என் குழந்தை காய்ச்சலில் கிடந்த அன்று இரவு நான் தனியாக இல்லை என்று உணர்ந்தேன்" என்று ஒரு தாய் சொல்வதை எந்த நூலிலும் பார்க்க முடியாது. "நாம்" என்று தொடங்கினால் பெரும்பாலும் பிரசங்கம் வரும். "நான்" என்று தொடங்கினால்தான் அனுபவம் வரும். இதை வைத்தே வேறுபாட்டை எளிதில் கண்டுகொள்ளலாம்.

1975-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் நற்செய்தி அறிவிப்பைப் பற்றி எழுதிய மடலில் இதைத் தொட்டுச் சென்றார். நற்செய்தியை ஒருவருக்கு வழங்குவது என்பது, இறுதியில் தன் சொந்த விசுவாச அனுபவத்தை அவருக்கு வழங்குவதே என்பது அவர் கருத்து. பின்னர் 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், ஆசியத் திருச்சபை சிறு சமூகங்களின் ஒன்றிப்பாக வளர வேண்டும் என்றனர். நம் தமிழகப் பங்குகளில் தெருத்தெருவாகச் சில குடும்பங்கள் சேர்ந்து அன்பியமாகக் கூடுவது இந்த வழியில் வந்ததே.

ஆனால் பகிர்தலின் வேர் இவற்றுக்கெல்லாம் மிக முந்தியது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வானதூதர் சொன்ன செய்தியை மனத்தில் சுமந்துகொண்டு மரியன்னை யூதேயாவின் மலைநாட்டிற்கு விரைந்து போகிறார். அவர் தன் கதையைச் சொல்லுமுன்பே, வாழ்த்துக் குரலைக் கேட்ட அளவில் எலிசபெத்தம்மாள் புரிந்துகொள்கிறார். "எப்படி? ஏன்? ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று ஒரு கேள்வியும் இல்லை. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகே மரியன்னையின் புகழ்ப்பா பிறக்கிறது. (அந்த வீட்டுக் குருவான செக்கரியா அப்போது பேச்சிழந்து இருந்தார் என்பதையும் கவனியுங்கள். இரு பெண்களும் தடையின்றிப் பேச நல்ல வாய்ப்பு!)

இதே லூக்கா, கேளாச் செவிகளின் கதையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வெறுமையான கல்லறையைக் கண்டு ஓடிவந்து, மகதலா மரியாவும் யோவன்னாவும் யாக்கோபின் தாய் மரியாவும் மற்றப் பெண்களும் நடந்ததைச் சொன்னார்கள். திருத்தூதர்களுக்கோ அது வெறும் பிதற்றலாகத் தோன்றியது. திருச்சபையின் முதல் உயிர்ப்புச் சாட்சியம் நம்பப்படவில்லை! மகதலா மரியாவின் நினைவு நாளாகிய ஜூலை 22, திருத்தூதர்களின் நாள்களைப் போலவே விழாவாக உயர்த்தப்பட்டது 2016-இல்தான். திருத்தந்தை பிரான்சிஸ் அதைச் செய்தார்.

அதே நாள் மாலையில் எம்மாவு சாலையில் நடந்ததோ முற்றிலும் வேறு. ஏறத்தாழ 11 கி.மீ. வழி. இரண்டு சீடர்கள் மனம் உடைந்து நடக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவர் உடன் வந்து சேர்ந்துகொண்டு, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார். எருசலேமில் நடந்தது அவருக்கா தெரியாது? நடந்ததெல்லாம் அவருக்கே நடந்தது. இருந்தும் அவர்கள் வாயால் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு வருகிறார். எங்கள் நம்பிக்கை போய்விட்டது என்று அவர்கள் சொன்னபோதும் இடைமறிக்கவில்லை. மறைநூல் விளக்கம் அதன் பிறகுதான்.

இதை வகுப்பில் பலமுறை கற்பித்தவள் நான். கற்பித்தும், ஒரு முறை மிகவும் தவறினேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் எங்கள் அன்பியக் கூட்டம். மகனை விபத்தில் இழந்திருந்த ஓர் அம்மா அன்று முதன்முறையாக வாய் திறந்தார். "ஆண்டவர் கற்பித்த செபத்தில் இறைவனின் சித்தத்தைப் பற்றிய இடம் வரும்போது என் வாய் அடைத்துக்கொள்கிறது. இரண்டு வருஷமாக அந்த இடத்தை நான் சொல்வதில்லை" என்றார். அறை அமைதியாயிற்று. அந்த அமைதியை என்னால் பொறுக்க முடியவில்லை. "யோபுவை நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா, அவர் எல்லாவற்றையும் பொறுமையாக ஏற்றுக்கொண்டாரே" என்று சொல்லிவிட்டேன். நல்லதைத்தான் சொன்னேன் என்ற நிறைவும் எனக்கு இருந்தது. அவர் தலையசைத்தார். அடுத்த கூட்டத்திற்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

வீட்டில் யோபு நூலை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது வெட்கமாயிருந்தது. யோபு ஒன்றும் வாய் மூடிப் பொறுத்துக்கொள்ளவில்லை. அதிகாரம் அதிகாரமாக இறைவனோடு வழக்காடினார். அவருடைய நண்பர்கள் மூவரும் முதலில் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. இறுதியில் இறைவன் சினந்ததும் அந்த விளக்கக்காரர்கள் மேல்தான், யோபுவின் மேல் அல்ல.

தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி ஆசியாவெங்கும் பரவிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறையில், ஒருவர் சொன்னதை மற்றவர் விவாதிக்கலாகாது என்று வைத்திருப்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொற்களை எடுத்துச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்ய வேண்டிய பணியைப் பேசுதல், செபம் என்பன அந்தப் படிகள். பகிர்தலுக்கு முன்னால் மௌனம் ஒரு தனிப் படியாகவே நிற்கிறது. நாம் அதைத்தான் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம்.

2023 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்திலும் இத்தகைய ஒழுங்கையே கையாண்டார்கள். கர்தினால்களும் ஆயர்களும் துறவியரும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தார்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தம் செபத்தில் உணர்ந்ததைச் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். மௌனத்துக்குப் பின் இரண்டாம் சுற்றில், பிறர் சொன்னதில் தம்மைத் தொட்டது எது என்று மட்டும் பேசினார்கள். சேர்ந்து முடிவு தேடுவது மூன்றாம் சுற்றில்தான். பெண்களுக்கு மாமன்றத்தில் வாக்குரிமை முதன்முறையாகக் கிடைத்ததும் அந்தக் கூட்டத்தில்தான்.

மாணவியரே, உங்கள் விடுதியிலும் இது நடக்கக்கூடியதே. உங்கள் தோழி இந்துவாகவோ இஸ்லாமியராகவோ இருக்கலாம். தன் பாட்டியின் நோன்பைப் பற்றியோ, விளக்கேற்றும்போது தன் தாய் அழுததைப் பற்றியோ அவள் சொல்லும்போது, "எங்கள் கோவிலில்" என்று குறுக்கே புகாதீர்கள். இன்னொன்று, கேட்டதை அடுத்த அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர்க் குழாயடியில் கதையாகிப்போன துயரத்தை அதற்குரியவள் மறுபடி யாரிடமும் சொல்லமாட்டாள். பெரியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோர் பொறுத்தருள்க.

அந்த அம்மாவின் வீட்டுக்குச் சில மாதம் கழித்துப் போனேன். திண்ணையில் அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினேன். வெகு நேரத்துக்குப் பின், மூலையில் நின்ற மகனின் சைக்கிளைக் காட்டி, அவன் அதற்காக எவ்வளவு அடம்பிடித்தான் என்று சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக்கூடப் புறப்படும்போதுதான் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர், அடுத்த கூட்டம் யார் வீட்டிலே?" என்றார்.

வந்தார். ஆண்டவர் கற்பித்த செபத்தில் அந்த இடம் வந்தபோது அன்றும் அவர் உதடுகள் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதை அறிந்து, அந்த அடியைச் சற்று மெதுவாகச் சொன்னார்கள்.