பொதிகை மலை பனியில் உறைந்ததா?

பனியுகம் என்றதும் நம் பிள்ளைகள் வெள்ளைப் பரப்பையும் கம்பளி யானையையும்தான் நினைக்கிறார்கள். அந்தப் படங்கள் ஐரோப்பாவுக்கும் சைபீரியாவுக்கும் உரியவை. அவற்றை அப்படியே தாமிரபரணிக் கரைக்குப் பொருத்துவதால், இங்கிருந்த பழைய காட்டையும் புல்லையும் பயிரையும் பற்றிச் சில தவறான எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: பனியுகத்தில் பொதிகையும் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது.

இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது வட ஐரோப்பாவும் கனடாவும் பனிப்பாளத்தால் மூடிக் கிடந்தன. இந்தியாவில் பனியாறுகள் இமயமலையோடு நின்றுவிட்டன. பொதிகையின் உச்சியான 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையில் மட்டுமல்ல, 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவிலும் அன்று பனியாறு கிடையாது. நமக்கு வந்தது வறட்சி. தென்மேற்குப் பருவமழை மெலிந்தது. கடல்நீரில் ஒரு பங்கு வடக்கே பனியாகத் தேங்கியதால் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியது. பாக் நீரிணை தரையானது; இலங்கைக்கு நடந்தே போகலாம். இன்று புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, அன்று இன்னும் கிழக்கே ஓடித்தான் கடலைத் தொட்டிருக்கும்.

பனியாறு பின்வாங்கிய தரையில் காடு எழுந்ததற்கு இமயமலைக்கு வெளியே இந்தியாவில் சான்று வேண்டுமானால், மிகப் பழைய காலத்துக்குப் போக வேண்டும். ஒடிசாவின் தால்சேர் பகுதியில் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல் பாறையாக இறுகியிருக்கிறது. அதற்கு மேலுள்ள அடுக்குகளில் குளோசாப்டரிஸ் என்ற பழந்தாவரத்தின் இலை அச்சும் நிலக்கரியும் கிடைக்கின்றன. பனி போன பிறகு தழைத்த காடுதான் அந்த நிலக்கரி.

நம்பிக்கை: பொதிகைக் காடு ஆதியிலிருந்து மாறாமல் இப்படியே இருக்கிறது.

அகத்தியரின் மலை என்ற மரியாதையில் பிறந்த எண்ணம் இது. மரியாதை இருக்கட்டும், ஆனால் மழை மாறினால் காடும் மாறும். அதைக் காட்டுவது மகரந்தம்.

மகரந்தத் துகள் ஒன்று மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும். அதன் புறத்தோலோ உயிர்கள் உண்டாக்கும் பொருள்களிலேயே மிக உறுதியானவற்றில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் சேற்றை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் இடுவார்கள். மணலையே கரைத்துவிடும் அந்த அமிலத்திலும் மகரந்தத் தோல் கரையாது. எஞ்சியதைக் கண்ணாடித் துண்டில் பரப்பி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக இனம் பிரித்து எண்ணுவார்கள். புல்லின் மகரந்தம் ஒற்றைத் துளையுள்ள வழவழப்பான உருண்டை. சூரியகாந்திக் குடும்பத்தினுடையது முள்முள்ளாக இருக்கும். அடுக்குக்கு அடுக்கு எந்த வகை கூடியது, எது குறைந்தது என்று கணக்கெடுத்தால் அந்த வட்டாரத்தின் தாவர வரலாறு கிடைக்கும். சுவீடன் நாட்டு லென்னார்ட் ஃபான் போஸ்ட் 1916இல் இந்த முறையை அறிஞர் அவையில் முன்வைத்தார். பனியாறுகள் விலகிய ஐரோப்பாவில் எந்த மரம் எந்த வரிசையில் வந்தது என்பது பெரும்பாலும் இப்படித்தான் தெரியவந்தது.

நமக்கு அருகில் நடந்த ஆய்வும் உண்டு. தென்மேற்கு இந்தியாவை ஒட்டிய கடலடியிலிருந்து எடுத்த இரண்டு சேற்றுத் தூண்களை எலிஸ் வான் காம்போ ஆராய்ந்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டார்.  பனியுக உச்சத்து அடுக்கில் அலையாத்தி மரங்களின் மகரந்தம் மிகக் குறைவு. பருவமழை மெலிந்திருந்ததற்கான அடையாளம் அது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் நிலைமை தலைகீழ்: மழை பெருகி, அலையாத்தி செழித்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பொதிகையின் காக்காச்சிக் காட்டில் ஓங்கி நிற்கும் வெடிப்பலா மரம் மகரந்தத்தைக் காற்றில் தூவுவதில்லை. பூவைத் தின்னவரும் வௌவால், குரங்கு போன்ற விலங்குகள்தான் அதைச் சுமந்து செல்கின்றன. ஆகவே சேற்றில் அதன் மகரந்தம் அரிது. சேற்றில் இல்லை என்பதால் மரமே இருந்ததில்லை என்று முடிவு கட்டக் கூடாது. வறண்ட காலத்திலும் ஈரம் தங்கிய பள்ளத்தாக்குகளில் மழைக்காடு ஒதுங்கிப் பிழைத்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். இத்தனை தனித்துவமான மரங்கள் இந்த மலையில் எஞ்சியிருப்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை: மலை உச்சியில் புல்வெளி என்றால், யாரோ காட்டை அழித்திருக்கிறார்கள்.

இதை அறிஞர்களே நம்பினார்கள். 1938இல் நீலகிரியை முன்வைத்து வன அலுவலர்கள் இருவர் எதிரெதிராக எழுதினார்கள். புல்வெளி மனிதரும் தீயும் உண்டாக்கியது என்றார் போர் என்ற அலுவலர். உறைபனியில் மரக்கன்று பிழைக்காது, புல்வெளி இயற்கையானதே என்றார் சி. ஆர். ரங்கநாதன்.

சோலைகளுக்கு இடையிலுள்ள சதுப்பில் காற்றுப்படாமல் படிந்த கரிய மண் இதற்கு விடை வைத்திருந்தது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலுள்ள கரியமிலவாயுவை வெவ்வேறு வழியில் பயன்படுத்துகின்றன. அதனால் அவற்றின் உடலில் கார்பன் 12, கார்பன் 13 ஆகியவற்றின் விகிதம் வேறுபடும். செடி மக்கிச் சதுப்பு மண்ணான பிறகும் அந்த வேறுபாடு அழியாது. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணை அளந்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பனியுக உச்சத்தில் வறட்சியைத் தாங்கும் புல் ஓங்கியிருந்தது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மழை உச்சம் தொட்டது. 5,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறட்சி. உழவர் யாரும் மலையேறாத காலத்திலேயே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. ரங்கநாதன் பக்கம்தான் உண்மை. அதற்குள் புல்வெளியைத் தரிசாக எண்ணி வாட்டில் மரமும் தைலமரமும் நட்டுவிட்டார்கள். அந்தத் தவற்றின் விலையை நீலகிரி இன்றும் கொடுக்கிறது.

நம்பிக்கை: எங்கே தோண்டினாலும் பழைய செடியின் சான்று கிடைக்கும்.

கிடைக்காது. இரும்புத் துரு ஏறிச் சிவந்த தேரி மணலில் காற்று புகுந்து புகுந்து மகரந்தம் சிதைந்துவிடும். கோடைதோறும் வற்றி வெடிக்கும் குளத்திலும் அப்படித்தான். வற்றாத சதுப்பு, கடலடிச் சேறு, கருகிய தானியம், மூடிய முதுமக்கள் தாழி இவையே நம்பிக்கையான இடங்கள்.

நம்பிக்கை: சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்லை விதைத்தால் முளைக்கும்.

தாழிக்குள் கிடைத்தது உமி. அதில் உயிர் இல்லை. ஆனால் அதன் கார்பன் பேசியது: கி.மு. 1155. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட காலம் இது. ஆதிச்சநல்லூரிலும் அலெக்சாண்டர் ரீ நூறாண்டுக்கு முன்பே நெல், சிறுதானிய உமிகளைக் கண்டெடுத்தார். சிவகளை உமியின் காலம், நீலகிரி மண் காட்டும் இரண்டாவது வறட்சிக்கு நடுவே விழுகிறது. அப்படிப்பட்ட காலத்திலும் தாமிரபரணிக் கரையில் நெல் புழங்கியிருக்கிறது. இரு பருவமழையும் பெறும் ஆற்றின் பலம் அதில் தெரிகிறது.

கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ தாழி தென்பட்டால், உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டிக் கழுவிவிடாதீர்கள். பானையைவிட அந்த மண்ணில்தான் செய்தி அதிகம். கையை எடுத்துவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ உடனே சொல்லி அனுப்புங்கள்.