விரும்பும் தொழிலும் இறைபணியும்

உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என மூன்று ஆற்றல்கள் உண்டென்பதும், அவை ஆணவ மலத்தால் மறைப்புண்டு கிடக்க, கலை கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் சிறிது எழுப்புமென்பதும் சித்தாந்த நூல் பயின்றார் யாவரும் அறிந்தனவே. இம்மூன்றனுள் கிரியை புறத்தே காணப்படும். ஞானம் சொல்லால் ஒருவாறு வெளிப்படும். இச்சையோ பிறர்க்கேயன்றித் தனக்கும் மறைந்து கிடப்பது. ஆகலின், தன் இச்சை எதன்பாற் செல்கின்றது என்று ஒருவன் ஆராயப் புகின், அதற்கொரு வாயில் வேண்டும். "உணவும் உடையும் உறையுளும் குறைவின்றிக் கிடைக்குமாயின், நாம் எத்தொழிலை விரும்பி மேற்கொள்வோம்?" என்னும் வினா அத்தகையதொரு வாயிலாம். இதனை நடுநாட்டு வரலாறுகள் சிலவற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

விழுப்புரத்தும் திண்டிவனத்தும் எம்பாற் சித்தாந்தம் கேட்க வரும் இளைஞரிடம் இவ்வினாவை யாம் பலமுறை எழுப்பியதுண்டு. அரசாங்க உத்தியோகம் என்பார் பலர். கடனில்லாத சொந்த நிலத்தில் உழவு என்பார் சிலர். ஆசிரியத் தொழில் என்பார் சிலர். உத்தியோகம் என்றாரை "ஏன்?" என வினவின், "மாதந்தோறும் தவறாத சம்பளம்" என்பர். சம்பளத்தின் தேவையை வினாவே நீக்கிவிட்டதன்றோ என்று நினைவூட்டிய பின்னர், எஞ்சி நிற்பது ஊரார் மதிப்பு ஒன்றே என்பதை அவர் தாமே கண்டுகொள்வர். இதனால் விடையினும் விடைக்குரிய காரணமே ஆராயற்பாலது என்பது போதரும்.

இனி, திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை நோக்குவாம். திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாராய்த் தோன்றிய மருணீக்கியார், சமண் சமயம் புக்குப் பாடலிபுத்திரத்திலே தருமசேனர் என்னும் பெயரொடு தலைமை எய்தினார். கல்வியும் மதிப்பும் ஒருங்கு வாய்ந்த நிலை அது. அதே காலத்து அவர்தம் தமக்கையார் திலகவதியார் திருவதிகையிலே திருவலகிட்டும், திருமெழுக்கிட்டும், மலர் தொடுத்தும் வாழ்ந்தார். தமக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாய்ந்தபோது உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியார் பொருட்டு உயிர் தாங்கியவர் என்க. சூலை நோயால் வருந்தித் தமக்கையாரை அடைந்த தருமசேனர், இறைவனருளால் நாவுக்கரசர் ஆயினார். ஆயபின் அவர் கையிற் கொண்டது யாது? மடத்துத் தலைமையன்று, புல் செதுக்கும் உழவாரம். தலைமையை நன்கு துய்த்தறிந்தவர் ஒருவர், தமக்கையாரின் துடைப்பத்துக்கு இனமானதொரு கருவியைத் தெரிந்துகொண்டார் என்பது ஊன்றி நினைத்தற்குரியது.

அத்தெரிவு மெய்ம்மையுடையதாதல் திருப்புகலூரிலே விளங்கிற்று. உழவாரம் நின்ற இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றச் செய்தபோது, அவற்றைப் பருக்கைக் கற்களொடு வேறுபாடின்றி ஏந்தி வாவியில் எறிந்தார் என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் நிகழ்ச்சி. அப்பொன் அவர் வேண்டிப் பெற்றதன்று; தொழில் செய்யுமிடத்திலேயே தோன்றியது. தொழிலை விரும்புவார்க்கும் தொழிலின் பயனை விரும்புவார்க்கும் உள்ள வேற்றுமை பயன் இல்லாதபோது புலப்படுவதில்லை. பயன் கைக்கு எட்டும்போதே புலப்படும். இஃது இவ்வாராய்ச்சியில் முதற்சோதனையாம்.

அற்றேல், தாமே தெரிந்துகொள்ளும் தொழில்தான் உயர்ந்ததோ எனின், அன்று. சுந்தரமூர்த்தி நாயனார் திருநாவலூரிலே தோன்றி நரசிங்கமுனையரையரால் வளர்க்கப்பெற்றுப் புத்தூரிலே மணக்கோலத்தோடு இருந்தபோது, முதிய அந்தணர் ஒருவர் ஆளோலை காட்டி வழக்கிட்டார். அவ்வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஆராயப்பட்டு, பாட்டனார் கையெழுத்தும் ஒப்புநோக்கப்பட்டு, நம்பிகள் அடிமையே எனத் தீர்ந்தது. பின்னர்ப் பாடும் பணி அவர்க்கு அருளப்பட்டது. அவர் விரும்பிச் சென்றது மணவினை, அடைந்தது திருப்பாட்டு. தாம் தெரியாத தொழிலைத் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளும் நெகிழ்ச்சி நம்பால் உண்டோ என்பது இரண்டாஞ் சோதனை.

மூன்றாவது சோதனை இவ்விரண்டினும் நுண்ணிது. திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பட்டவர். மெய்கண்ட தேவரைப் பெற்ற அச்சுதகளப்பாளர்க்குக் குலகுரு. தம் மாணாக்கர் இளஞ்சிறாராகிய மெய்கண்டாரிடம் பாடம் கேட்கச் சென்றமை பொறாது, அவரும் திருவெண்ணெய்நல்லூர் சென்று, ஆணவ மலத்தின் இயல்பு யாதென வினவினார். மெய்கண்டார் வாய் திறவாது அவர் நின்ற நிலையையே மேலுங் கீழும் நோக்கினார் என்பது வழிவழி வருஞ் செய்தி. அந்நோக்கினால் உண்மை விளங்கப்பெற்ற அருணந்தியார் மாணாக்கராய் அமர்ந்தார். சிவஞான சித்தியாரும் இருபா இருபஃதும் நமக்குக் கிடைத்தன. அவர் செய்த தொழில் இழிந்ததன்று. ஆகமம் ஓதுவித்தலினும் உயர்ந்த தொழில் யாது? எனினும் அத்தொழிலுள்ளும் 'யான்' என்பது புகுந்து நின்றது. ஆகவே, பூக்கட்டுதலையும் திருவலகிடுதலையும் விரும்புகின்றேன் என்பாரும், 'யான் எளிய தொண்டன்' என்னும் தருக்கு அதனுள் ஒளிந்துளதோ என்று தம்மைத் தாமே மேலுங் கீழும் நோக்கிக்கொள்ளல் வேண்டும்.

ஈண்டொரு தடை எழும். தொழிலும் நுகர்ச்சியும் பிராரத்தத்தின்வழி அமைவன ஆயின், 'எத்தொழிலை விரும்புவாய்?' என்னும் வினா வீணன்றோ எனின், அற்றன்று. பிராரத்தம் ஊட்டுவது நுகர்ச்சியை. அந்நுகர்ச்சியில் விருப்பு வெறுப்புக் கொண்டு 'யான் செய்தேன், எனக்கு' என்று பற்றுதலே ஆகாமியத்துக்கு வித்தாவது. இச்சை எங்கே பற்றுகின்றது என்றறிந்தாலன்றி அவ்வித்தை வறுத்தல் இயலாது. விழுப்புரம் இருப்புப்பாதைச் சந்திப்பிலே சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து பக்கமும் தடம் பிரிகின்றது. தடம் மாறும் இடம் மிகச் சிறிது. சென்று சேரும் ஊர்களோ வெகு தொலைவில் உள்ளன. இச்சையும் அத்தகையதே.

இவ்வாராய்ச்சியைத் தொழில் உயர்வு தாழ்வு கூறுதற்கோ, 'உள்ள தொழிலிலேயே கிட' என வறியாரை அடக்குதற்கோ கருவியாகக் கொள்ளலாகாது. திருநீலகண்டர் மட்கலம் வனைதலையும், திருக்குறிப்புத்தொண்டர் ஆடை வெளுத்தலையும், அதிபத்தர் வலைவீசுதலையும் விடாமலே வீடு பெற்றனர்; நாவுக்கரசரோ இருந்த நிலையை விட்டே பெற்றார். விடுதலும் விடாமையும் அளவுகோல் ஆகா. இறைபணியாக நிற்றல் ஒன்றே அளவுகோல்.

திண்டிவனத்து அன்பர் ஒருவர், கணக்கெழுதும் வேலையிலிருப்பவர், "வயிற்றுக் கவலை இல்லையேல் கோயில் நந்தவனத்திலேயே காலங்கழிப்பேன்" என்று எம்மிடம் உருகிக் கூறினார். "ஞாயிறுதோறும் நுமக்கு ஓய்வுண்டே, அந்நாளில் நந்தவனம் செல்வதுண்டோ?" என்றேம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, "இல்லை" என்றார். அவர் விருப்பம் பொய்யென்று யாம் கொள்ளவில்லை. அது இன்னும் இச்சையாய் முதிராத நினைவு என்றே கொண்டோம். அடுத்த திங்கள் அவர் மண்வெட்டி பிடித்துக் கொப்புளித்த கையோடு பாடங் கேட்க வந்தார். அன்று யாம் அவர்க்குப் புதிதாகக் கூறவேண்டுவது ஒன்றுமில்லாதாயிற்று.

ஆகவே, அன்பர்காள், இவ்வினாவை எய்தாத காலத்தின்மேல் ஏற்றிக் கனவு காணாது, இன்று நம் கையில் உள்ள ஒரு நாழிகையின்மேல் ஏற்றுக. யாரும் ஏவாத, யாரும் கூலி தாராத அந்நாழிகையில் கை எதனைத் தேடுகின்றதோ அதுவே நம் விருப்பத் தொழில். அது இறைபணியாயின் மகிழ்க. அன்றாயின் அறிந்தமைக்கு மகிழ்ந்து, அந்நாழிகையைத் திருத்துக. மறைப்பு நீக்குவோன் இறைவன். மறைந்து கிடக்கின்றது என்று உணர்ந்து அவன்முன் நிற்றல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.