ஒரு ஸ்டாண்டு, இரண்டு பேர்

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்தது. பன்னிரண்டு நாள் பயணம், ஜெர்மனியில் நான்கு ஊர், தொண்ணூறு பிள்ளைகள், இரண்டு பஸ், கச்சேரியின் கடைசி உருப்படியாக பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி. எல்லாவற்றையும் குதித்துக்கொண்டே எழுதிவிட்டு மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது உன் கையெழுத்தே சாய்ந்துவிட்டது. "செகண்ட் வயலினில் கடைசி வரிசை மாமா. பக்கத்தில் உட்காருகிற பெண் ஒரு வார்த்தை பேசுவதில்லை. போகணுமா என்று இருக்கிறது" என்று முடித்திருக்கிறாய்.

போ. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை மெதுவாகப் படி. டொராண்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றது போதாத இடத்தில் அம்மாவைக் கேள்.

கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் முப்பது வருடம் வயலின் வாசித்துப் பிழைத்தவன் நான். அதில் பாதிக்கு மேல் பின்வரிசை. முன்வரிசையில் இருப்பவனைவிடப் பின்வரிசைக்காரனுக்கு வேலை கஷ்டம் என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். முதல் வயலின்காரரிடமிருந்து நீ பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், அவர் வில் போட்ட சத்தம் உன் காதுக்கு வர ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும், கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டுவிட்டு நீ வாசித்தால் உன் சத்தம் இன்னும் பிந்திப்போய்ச் சேரும். கண்டக்டர் குச்சியை நிறுத்திவிட்டு உன் பக்கம் பார்ப்பார். அதனால் கடைசி வரிசைக்காரர்கள் காதை நம்பி வாசிப்பதில்லை. முதல் வயலின்காரரின் வில் நுனியைப் பார்த்து வாசிக்கிறார்கள். இந்தப் பன்னிரண்டு நாளும் உன் கண் அங்கேதான் இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் மண்டபம் மாறும், எதிரொலி மாறும், வில் நுனி மாறாது.

உன் சிம்பொனிக்கு இது ரொம்ப முக்கியம். அந்தப் புகழ்பெற்ற நான்கு சுரத்தை உலகமே முணுமுணுக்கிறது. தாளை எடுத்துப் பார்த்தால் முதலில் இருப்பது சுரமே இல்லை, அரை எண்ணிக்கைக்கு ஒரு மௌனக் குறி. நம்மூரில் அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனை போல. அந்த மௌனத்தில் தந்தி வாத்தியக்காரர் எல்லாரும் இரண்டு கிளாரினெட்காரரும் ஒன்றாக மூச்சிழுக்க வேண்டும். ஒருத்தர் முந்தினாலும் "டடட டாம்" என்பது "டடடட டாம்" ஆகி மானம் போகும். யார் வாசித்தாலும் இந்த இடத்தில் வயிற்றைப் பிசையும்.

இனி பக்கத்துப் பெண்ணின் விஷயம்.

தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. வெளிப்பக்கம் உட்காருபவர் விடாமல் வாசிப்பார், உள்பக்கம் உட்காருபவர் தாளைத் திருப்புவார். நீ உள்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். அது தாழ்ந்த வேலை என்று நினைக்காதே. நான் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டு. அப்போதெல்லாம் நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வோம், ஒருவன் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஆறாவது டேக் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் நான்கு பார் வரைக்கும் மனப்பாடத்தில் சமாளித்தார், பிறகு வில் நின்றுபோயிற்று. கண்ணாடி அறையிலிருந்து மைக்கில் குரல் வந்தது: "யாரது?" என் தொண்டை காய்ந்துவிட்டது. பக்கத்துக்காரர் எழுந்து நின்று, "நான்தான் சார், எண்ணிக்கை தப்பிப்போச்சு" என்றார். அவர் சாந்தோம்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதுவரை என்னிடம் மூன்று வார்த்தை பேசியிருப்பாரா என்பது சந்தேகம். பிறகும் அதிகம் பேசவில்லை. ஆனால் அடுத்த பதினொரு வருடம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

இதை எழுதும்போது உன்னைப் போன்ற வயதுப் பிள்ளைகள் போன வேறொரு பயணம் நினைவுக்கு வருகிறது. அந்தப் பயணத்தின் டிவிடியை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று உன் அத்தையைக் கேள், சலித்துக்கொண்டு சொல்வாள்.

டேனியல் பேரன்பாய்ம் என்று பியானோ கலைஞர், கண்டக்டர். அர்ஜென்டினாவில் பிறந்து சிறுவயதில் இஸ்ரேலுக்குப் போன யூதர். எட்வர்ட் சயீத் என்று பேராசிரியர், ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனர். இருவரும் லண்டனில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் தற்செயலாகச் சந்தித்து நண்பர்கள் ஆனவர்கள். 1999இல் ஜெர்மனியின் வைமார் ஊரில், கவிஞர் கதே பிறந்து 250 ஆண்டு ஆனபோது, இஸ்ரேலியப் பிள்ளைகளையும் அரபு நாட்டுப் பிள்ளைகளையும் கூட்டி ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். சீன வம்சாவளி செல்லோ மேதை யோ-யோ மாவும் வந்திருந்தார். அதுதான் மேற்கு-கிழக்கு திவான் ஆர்கெஸ்ட்ரா ஆனது. பெயர் கதேயின் கவிதைத் தொகுதியிலிருந்து எடுத்தது. வைமாரிலிருந்து சில கிலோமீட்டரில், நாஜிகள் நடத்திய பூகன்வால்ட் வதைமுகாம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போனார்கள்.

பகலில் ஒத்திகை, இரவில் பேச்சு. பேச்சு என்றால் சண்டைதான். ஒரு இரவு அரபுப் பையன் ஒருவன், "அரபு இசையை அரபுகள்தான் வாசிக்க முடியும்" என்று அடித்துப் பேசினான். அப்படியானால் பேத்தோவனை வாசிக்க உனக்கு என்ன உரிமை, நீ ஜெர்மானியனா என்று எதிர்க் கேள்வி வந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே பையன் யோ-யோ மாவுக்கு அரபு முறையில் செல்லோவைச் சுருதி கூட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். சயீத் இதைப் பின்னால் ரசித்துச் சொல்லியிருக்கிறார்: சீனர்கள் அரபு இசை வாசிக்கலாம் என்று பையன் முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது! "நீயெல்லாம் ஏன் பேத்தோவன்" என்று உன்னிடம் யாராவது கேட்டால் இந்தப் பையனை நினைத்துக்கொள். நம்மூர் சபாக்களில் பிடிலைத் தலைமுறை தலைமுறையாக வாசிக்கிறோமே, அது எங்கிருந்து வந்த வாத்தியம்?

பேரன்பாய்ம் சொன்ன இன்னொரு காட்சிதான் எனக்கு உயிர். ஒரு ஸ்டாண்டில் ஒரு சிரியப் பையனும் ஒரு இஸ்ரேலியப் பையனும். ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போக முடியாது. இருவரும் ஒரே சுரத்தை, ஒரே அழுத்தத்தில், ஒரே வில்வீச்சில், ஒரே சத்தத்தில் கொண்டுவரத் திணறிக்கொண்டிருக்கிறார்கள். வேறெதுவும் நடக்கவில்லை. ஸ்டாண்டில் உட்கார்ந்து வாசித்தவனுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய வேலை என்று. பக்கத்து ஆள் எந்த இடத்தில் வில்லை மாற்றுவான், எங்கே மூச்சிழுப்பான், எந்த இடம் வந்தால் பயப்படுவான் என்று அவன் வீட்டாருக்குக்கூடத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். பேசாமலே.

2002 முதல் இந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு ஸ்பெயினின் ஆண்டலூசிய மாகாண அரசு இடம் கொடுத்தது. 2003 செப்டம்பரில் சயீத் இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து, 2005 ஆகஸ்ட் 21 அன்று, அந்தப் பிள்ளைகள் பாலஸ்தீனத்தின் ரமல்லா நகரத்துக்குப் போனார்கள்.

எப்படிப் போனார்கள் என்பதைக் கேள். ரமல்லாவுக்குள் இஸ்ரேலியர் நுழைய அவர்கள் நாட்டுச் சட்டத்தில் தடை. சிரியா, லெபனான் பிள்ளைகளுக்கு வழியில் இஸ்ரேலியச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதே ஊரில் குற்றமாகலாம். ஸ்பெயின் அரசு எல்லாருக்கும் தன்னுடைய ராஜதந்திரப் பாஸ்போர்ட் கொடுத்தது. அரபுப் பிள்ளைகள் ஜோர்டான் வழியாகவும், இஸ்ரேலியர் காவலோடு தூதரகக் கார்களிலும் வந்தார்கள். அந்த வாரம்தான் காஸாவிலிருந்து யூதக் குடியேறிகளை இஸ்ரேல் ராணுவம் வெளியேற்றிக்கொண்டிருந்தது. போகலாமா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குள் கடும் வாக்குவாதம் நடந்தது. பயம் எல்லாருக்கும் இருந்தது.

ரமல்லா கலாச்சார மாளிகையில் மொட்சார்ட், பிறகு உன்னுடைய இதே ஐந்தாவது சிம்பொனி, கடைசியில் எல்கரின் 'நிம்ராட்'. அன்றைக்கும் அந்த அரை எண்ணிக்கை மௌனத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. அத்தனை நாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக மூச்சிழுத்தார்கள். தொலைக்காட்சியில் அதை நேரடியாக ஒளிபரப்பினார்கள். கச்சேரி முடிந்ததும் பாதுகாப்புக்காக இஸ்ரேலியப் பிள்ளைகளை உடனே காரில் ஏற்றிவிட்டார்கள். சாவகாசமாக விடைபெறக்கூட நேரமில்லை. அவசர அவசரமாகக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் அந்த இடத்தில் நான் எப்போதும் டிவிடியை நிறுத்திவிடுவேன்.

இதனால் சமாதானம் வந்ததா என்று நீ கேட்பாய், உன் வயதில் நானும் கேட்டிருப்பேன். வரவில்லை. அடுத்த கோடையிலேயே லெபனானில் போர். காஸாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தினமும் பார்க்கிறாய். இது சமாதான ஆர்கெஸ்ட்ரா அல்ல, அறியாமையை எதிர்க்கிற வேலை மட்டுமே என்றுதான் பேரன்பாய்மும் சொல்லிவந்தார். அதைவிடப் பெரிதாக அவர் எதையாவது சொல்லியிருந்தால் நான் அவரை நம்பியிருக்க மாட்டேன்.

சரி, சாமான் விஷயத்துக்கு வருகிறேன். வயலினை விமானத்தில் சரக்குப் பகுதிக்குக் கொடுக்காதே, கையிலேயே கொண்டுபோ. தந்தியை லேசாக இறக்கு, நாலையும் முழுதாகத் தளர்த்திவிடாதே. வயலினுக்குள் பசை இல்லாமல் நிற்கும் சின்னக் கட்டை, சவுண்ட் போஸ்ட், தந்தியின் அழுத்தம் போனால் சாய்ந்துவிடும், வெளியூரில் அதை நிமிர்த்த ஆள் தேட வேண்டியிருக்கும். நான் உனக்குக் கொடுத்த பழைய வில்லை வீட்டில் வைத்துவிட்டுப் போ. அதன் நுனியில் பதித்த வெள்ளைத் தகடு எலும்பா யானைத் தந்தமா என்று எனக்கே தெரியாது. தந்தமாக இருந்தால், சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் செய்துவிடுவார்கள். பள்ளியில் கொடுத்த வில் போதும். ஜெர்மனியில் சுருதியைக் கொஞ்சம் தூக்கித்தான் வைப்பார்கள். அங்கே 'ஏ' என்றால் 442, 443 அதிர்வு, உனக்குப் பழகியது 440. ஓபோக்காரர் ஊதியதும் ஏதோ தவறு என்று திடுக்கிடாதே. உபரித் தந்தி இரண்டு செட் எடுத்துக்கொள். பென்சில் மூன்று. பேனா வேண்டாம், வில்லின் திசையை ஊருக்கு ஊர் மாற்றுவார்கள், அழிக்க வேண்டியிருக்கும். தாள் ஓரத்தை முந்தின இரவே கொஞ்சம் மடித்து வை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

பெர்லினில் ஒரு நாள் ஓய்வு என்று எழுதியிருக்கிறாய். எல்லாரும் சுவரைப் பார்க்கப் போவார்கள், நீயும் போ. ஆனால் ஸ்டேட் ஆப்பராவுக்குப் பின்பக்கம் அந்த ஆப்பராவின் பழைய அரங்கப் பொருள் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதைத்தான் பேரன்பாய்ம்-சயீத் அகாடமியாக மாற்றியிருக்கிறார்கள். மேற்கு ஆசியாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். உள்ளே 2017இல் திறந்த பியர் பூலேஸ் மண்டபம், 682 இருக்கை, முட்டை வடிவம். ஃபிராங்க் கெரி என்ற பெரிய கட்டடக் கலைஞர் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தது. வாசிப்பவர்கள் நடுவில், கேட்பவர்கள் சுற்றி. மதியம் கச்சேரி ஏதாவது இருந்தால் டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்கார். முடிந்தால் பக்கத்து ஸ்டாண்டுக்காரியையும் இழுத்துக்கொண்டு போ.

அவளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கண்டக்டர் பெயர், பஸ் டிரைவர் பெயர், தங்கப்போகும் ஓட்டலின் பெயர்கூட எழுதியிருக்கிறாய். உன் தோள் உரச உட்கார்ந்து ஒரே தாளைப் பார்த்து வாசிக்கிற பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுது.

அன்புடன்,
உன் மாமா