ஒரு கட்டுப் புதினா

பிரியாணிக்கென்று வாங்கும் புதினாவில் ஒரு கைப்பிடிதான் அடுப்புக்குப் போகும். மிச்சம் ஃப்ரிட்ஜ் மூலையில் நாலே நாளில் கறுத்துப்போகும். தண்டோ, வாங்கிய அன்றே குப்பைக்கு. விஷயமே அந்தத் தண்டில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்துவிடுங்கள். கயிறு இறுக்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். இலையை ஆய்ந்து, கழுவாமல், பருத்தித் துணியில் சுருட்டி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சமைக்கும்போது அலசினால் போதும். அப்போதும் இலையைக் கையால் அள்ளி எடுங்கள். தண்ணீரோடு வடிதட்டில் கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே ஏறும்.

துவையலுக்கு இரண்டு கைப்பிடி இலை. எண்ணெயில் 2 ஸ்பூன் உளுத்தம்பருப்பு, 4 வரமிளகாய், பெருங்காயத்தைச் சிவக்க வறுத்து எடுங்கள். அதே வாணலியில் இலையைப் போட்டு, சுருண்டதும் இறக்கிவிடுங்கள். கறுக்க விட்டால் கசக்கும். ஆறியபின் பருப்பையும் மிளகாயையும் முதலில் கொரகொரப்பாக அரைத்து, கோலிக்குண்டு அளவு புளி, 2 ஸ்பூன் தேங்காய்த் துருவல், உப்பு, கடைசியில் இலை. தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றினால் அது சட்னி. சுடுசோறும் நல்லெண்ணெயும் இருந்தால் வேறு தொடுகறி தேடமாட்டீர்கள்.

விருந்து உண்டு வயிறு பொருமினால் ஒரு டம்ளர் கொதிநீரில் பத்துப் பன்னிரண்டு இலையைக் கிள்ளிப் போட்டு, 5 நிமிடம் மூடி வைத்துக் குடியுங்கள். இலையைக் கொதிக்கவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். புதினா எண்ணெய் குடல் தசையைத் தளர்த்தும். இலைக்கும் அந்தக் குணம் ஓரளவு உண்டு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதுவே வினை: இரைப்பையின் மேல்வாயும் தளர்ந்து புளிப்பு மேலேறும். அவர்கள் சீரகத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கைக்குழந்தையின் மூக்கருகே புதினா எண்ணெயோ மென்தால் தைலமோ தடவவே கூடாது, மூச்சு திணறலாம்.

இனி தண்டு. தடித்ததாக நாலைந்து எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கித் தண்ணீர் டம்ளரில் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஒரு வாரம், பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் நீளும். ஆழம் குறைந்த, அகலமான தொட்டியில் நடுங்கள். மற்ற செடியோடு வேண்டாம். மண்ணுக்கடியிலேயே ஓடி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காலை வெயில் போதும். நான் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்து, மூன்றே நாளில் சருகாக்கியவன்.

பறிக்கும்போது இலையை மட்டும் உருவாமல், கணுவுக்கு மேலே நுனியோடு கிள்ளுங்கள். ஒன்று இரண்டாகக் கிளைக்கும். முதல் துவையலுக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டியிருக்கும்.