ஈரமும் தயக்கமும்: விளையாடும் மாணவர்களும் படர்தாமரையும்

கபடிப் பயிற்சியின் ஒரு மணி நேரத்தில் ஒரு மாணவரின் தோல் மற்றவர்களின் தோலோடு எத்தனை முறை உரசுகிறது என்று எண்ணத் தொடங்கினால் எண்ணி முடியாது. கணுக்காலைப் பிடிக்கிறார்கள், தொடையை மடக்குகிறார்கள், இடுப்பைச் சுற்றி வளைக்கிறார்கள். எல்லாம் வியர்வையோடு, சிறு சிராய்ப்புகளோடு. பூஞ்சைத் தோல் நோய்களுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. உடற்கல்வி ஆசிரியராக நான் பயிற்சிக் களத்தில் கண்டவற்றையும், எங்கள் அணியில் கடைப்பிடிப்பவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

அடையாளம் காண்போம்

படர்தாமரை வட்டமாகத் தோன்றும். ஓரம் சிவந்து, சற்றுத் தடித்து, செதிலாக இருக்கும். நடுப்பகுதி தெளிந்து காணப்படும். அரிப்பு அதிகம். தோல், முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதமே இப்பூஞ்சையின் உணவு. கால்விரல் இடுக்கில் வந்தால் தோல் வெளுத்து ஊறி, வெடிப்பு விடும். இதைச் சேற்றுப்புண் என்கிறோம். இடுப்பு, தொடை இடுக்குகளிலும் இது வரும்.

எல்லாத் திட்டும் படர்தாமரை அல்ல. தேமலும் ஒருவகைப் பூஞ்சையால் வருவதுதான். ஆனால் அப்பூஞ்சை எல்லோர் தோலிலும் இயல்பாக இருப்பது, தேமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. வெளிறிய திட்டில் தொடு உணர்வு குறைந்திருந்தால் அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சிறுவர்களின் தலையில் முடி உதிர்ந்து செதிலான வட்டம் தெரிந்தால் மேற்பூச்சு மட்டும் போதாது, உட்கொள்ளும் மருந்தும் தேவைப்படும். நம் வேலை நோயைத் தீர்மானிப்பதன்று. கவனித்து, உரிய இடத்திற்கு அனுப்புவது.

களிம்பு செய்யும் கேடு

சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், "டீச்சர், நான் டீம்ல வரலை" என்றார். நன்றாகப் பிடி போடும் பிள்ளை. காரணம் சொல்லவில்லை. மறுநாள் தனியாகக் கேட்டபோதுதான், இடுப்பிலும் தொடையிலும் நான்கு மாதமாகத் திட்டுகள் இருப்பதைச் சொன்னார். உறவினர் ஒருவர் மருந்துக்கடையில் வாங்கித் தந்த களிம்பைப் பூசி வந்திருக்கிறார். பூசிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வரும். அதனால் மீண்டும் பூசுவது.

அம்மாவுடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். களிம்பு டப்பாவையும் எடுத்துச் செல்லச் சொன்னேன். அதில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன. அதே நேரத்தில் தோலின் எதிர்ப்பும் அடங்குவதால் பூஞ்சை தடையின்றிப் படர்கிறது. வட்ட வடிவம் கலைந்து நோயை அடையாளம் காண்பதே கடினமாகிறது. நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்து, தொடைகளில் மறையாத வரிகள் விழும்.

இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. ஆனாலும் பல வீடுகளில் ஒரே டப்பாவைக் குடும்பமே பூசுகிறது. இன்னொரு கவலையும் உண்டு. 2020இல் டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிடப்பட்ட பூஞ்சை, நம் நாட்டில் பரவலாகக் காணப்படுகிறது. வழக்கமாகத் தரப்படும் டெர்பினாஃபின் மருந்துக்கு இதில் பல கட்டுப்படுவதில்லை. ஆகவே மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன நாள் வரை பயன்படுத்த வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் பூஞ்சை மிச்சமிருக்கும்.

அம்மாணவி குறுவட்டப் போட்டியில் களமிறங்கவில்லை. ஆனால் தினமும் மைதானத்துக்கு வந்தார். தனியே ஓடினார், புள்ளிக் குறிப்பேடு எழுதினார். தோல் தெளிந்த பிறகு பிடிப் பயிற்சிக்குத் திரும்பினார். பிடி ஆட்டத்திலிருந்து விலக்கலாம். அணியிலிருந்து விலக்கக் கூடாது.

எங்கள் அணியின் பழக்கங்கள்

1. பயிற்சி முடிந்ததும் ஈர உடையை மாற்றுகிறோம். வீட்டிற்குச் சென்றதும் குளித்து, விரல் இடுக்கு, தொடை இடுக்குகளைத் துடைத்து உலர்த்துகிறோம்.

2. துண்டு, ஜெர்சி, முழங்கால் உறை, சாக்ஸ், சீப்பு எதையும் பகிர்வதில்லை. பள்ளிக்குச் சொந்தமான ஜெர்சிகள் ஒருவர் அணிந்தபின் துவைத்தே அடுத்தவருக்குத் தரப்படும்.

3. துணிகளை உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயவைக்கிறோம். நோய் உள்ளவரின் துணியைத் தனியாக, வெந்நீரில் துவைக்கச் சொல்கிறோம்.

4. ஷூவை இரவு முழுவதும் பைக்குள் அடைத்து வைப்பதில்லை. சாக்ஸ் தினமும் மாற்ற வேண்டும்.

5. விரிப்பில் ஆடினால், பயிற்சிக்குப் பின் கிருமிநாசினி கொண்டு துடைத்து, உலர்ந்த பிறகே சுருட்டுகிறோம்.

6. வாரம் ஒருமுறை தோலைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். திட்டு இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லலாம். அணியின் முன் நான் கேட்பதில்லை.

மூன்றாவது பழக்கத்தில் மாணவிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. உள்ளாடைகளைப் பிறர் கண்ணில் படாமல் அறை மூலையில், துப்பட்டாவுக்கு அடியில் காயவைப்பது பல வீடுகளின் வழக்கம். அரைகுறையாகக் காய்ந்த துணியையே மறுநாள் அணிகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களிடம் இதைத் தனியாகப் பேசினேன். மாடியிலோ கொல்லையிலோ வெயில் படும் ஒரு கொடியை ஒதுக்கித் தந்தாலே போதும் என்றேன்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில், படர்தாமரை கண்ட வீரர் குறைந்தது 72 மணி நேரம் சிகிச்சை பெற்று, மருத்துவர் ஒப்புதலோடுதான் களமிறங்கலாம். தலையில் என்றால் 14 நாள். நாமும் மருத்துவர் சொல்லும் வரை பிடி ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம்.

வகுப்பறையில்

எட்டாம் வகுப்பு நுண்ணுயிரிகள் பாடத்தோடு இதை இணைக்கலாம். இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுங்கள். ஒன்றை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவையுங்கள். மற்றொன்றில் சிறிது நீர் தெளியுங்கள். தனித்தனி ஒளிபுகும் பைகளில் இட்டு மூடி ஒரு வாரம் கவனிக்கச் சொல்லுங்கள். பையைத் திறக்கக் கூடாது. ரொட்டிப் பூஞ்சை வேறு, தோல் பூஞ்சை வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள். ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சை வளரும் என்ற விதி இரண்டுக்கும் பொது.

பள்ளிக்கு வரும் தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு தோல் நோய்களையும் பரிசோதிக்கிறது. குழு வரும் நாளுக்கு முன்பே, தயங்கும் மாணவர்களிடம் பேசிவைப்பது நம் கையில் இருக்கிறது. அந்நாளில் மறைவான இடமும், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி நேரமும் ஒதுக்கித் தந்தால், சட்டைக்குள் மறைந்திருக்கும் திட்டுகள் மருத்துவரின் பார்வைக்கு வரும்.