பாலைவழிப் பயணமும் முன்னேற்பாடும்

நுழையும்முன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுச்சேலைக்கான உழைப்பு, தறியில் அமர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்திற்குப் பாவை விரித்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடி முடிந்து, ஒழுங்கு செய்த பிறகே தறியில் ஏற்றுகின்றனர். பாவில் விட்ட குறை நெசவில் தெரிந்துவிடும். பாலைநிலத்தில் வாகனம் ஓட்டுதலும் இத்தகையதே. அங்கே புறப்படுமுன் விட்ட குறைக்கு விலையாக உயிரையே கொடுக்க நேரலாம். அறிவும் முன்னேற்பாடும் துணிவை எவ்வாறு காக்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாலை என்னும் நிலம்

தமிழர் நிலத்தை ஐவகையாகப் பகுத்தனர். அவற்றுள் பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பாலைக்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். பொருள் தேடிச் செல்வோர் கடக்க வேண்டிய கொடுவழியாகவே சங்கப் புலவர்கள் பாலையைக் கண்டனர்.

இன்றைய இந்தியாவின் பெரும் பாலைவனம் தார். அதன் பெரும்பகுதி இராசத்தானில் உள்ளது. அம்மாநிலத்தின் பலோடியில் 2016ஆம் ஆண்டு மே 19 அன்று 51 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. செய்சல்மேர் நகருக்கு மேற்கே உள்ள சாம் மணற்குன்றுகளில் வாகனப் பயணம் செய்யப் பலர் செல்கின்றனர். நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக விளங்கும் வன்னியே அங்கே கேச்சடி என்னும் பெயரில் மாநில மரமாகப் போற்றப்படுகிறது. தமிழ்நாட்டிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் செம்மணல் தேரிகள் உண்டு.

முன்னோடிகள் கற்ற பாடம்

மணலில் வாகனம் ஓட்டும் கலையை அறிவியலாக வளர்த்தவர்களுள் ரால்ஃப் பேக்னால்டு குறிப்பிடத்தக்கவர். ஆங்கிலேயப் படை அலுவலரான இவர், 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் ஃபோர்டு வாகனங்களில் லிபியப் பாலைவனத்தில் பயணம் செய்தார். டயரின் காற்றைக் குறைத்தால் வாகனம் மணலில் புதையாது செல்லும் என்பதை அவர் குழுவினர் பயன்படுத்திக் கண்டனர். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் நீராவியைக் கலத்தில் பிடித்து மீண்டும் நீராக்கினர். காந்த ஊசி வாகனத்தின் இரும்பால் திரிபுற்றதால், நிழலைக் கொண்டு திசை காட்டும் சூரியத் திசைகாட்டியைப் பயன்படுத்தினர். மணல் நகரும் முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது.

1977இல் தியரி சபீன் என்னும் பிரெஞ்சு வீரர் பந்தயம் ஒன்றின்போது லிபியப் பாலைவனத்தில் வழிதவறி, பின்னர் மீட்கப்பட்டார். அவரே 1978 திசம்பரில் பாரீசிலிருந்து தக்கார் நகருக்கு நெடும்பந்தயத்தைத் தொடங்கினார். 1982ஆம் ஆண்டு அப்பந்தயத்தில் பிரித்தானியத் தலைமையமைச்சரின் மகன் மார்க் தாட்சரும் உடன்சென்ற இருவரும் சகாராவில் வழிதவறினர். ஆறு நாள்களுக்குப் பின் அல்சீரிய வானூர்தி அவர்களைக் கண்டுபிடித்தது. தாம் எவ்வித ஆயத்தமும் செய்யவில்லை என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். புகழோ பதவியோ பாலையில் துணைக்கு வாரா என்பதற்கு இது சான்று.

முறையான பயிற்சியோடு சென்றவர்கள் வென்றும் காட்டியுள்ளனர். 2015இல் பெங்களூரைச் சேர்ந்த சி.எசு. சந்தோசு தக்கார் பந்தயத்தை நிறைவு செய்த முதல் இந்தியரானார். அதே ஆண்டில், ஓசூரில் இயங்கும் டி.வி.எசு. நிறுவனம் பிரெஞ்சு நிறுவனமான செர்க்கோவுடன் இணைந்து அப்பந்தயத்தில் இறங்கியது. அக்குழுவின் கேரள வீரர் அரித் நோவா 2024இல் தம் பிரிவில் முதலிடம் பெற்றார்.

வாகனத்தை ஆயத்தம் செய்தல்

மணற்பயணத்திற்கு நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வாகனமே ஏற்றது. புறப்படுமுன் எண்ணெய், குளிர்விப்பு நீர், மின்கலம், நிறுத்தி, காற்று வடிகட்டி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். நுண்மணல் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். எனவே மாற்று வடிகட்டி உடன் இருத்தல் நலம். மணலில் எரிபொருள் மிகுதியாகச் செலவாவதால், சாலைக்குரிய கணக்கு அங்கே பொருந்தாது.

தலையாயது டயரின் காற்றழுத்தம். சாலையில் 30 முதல் 35 பி.எசு.ஐ. வரை இருக்கும் அழுத்தத்தை, மணலில் 15 முதல் 18 வரை குறைப்பது வழக்கம். வாகனத்தின் எடை மாறாது. ஆனால் டயர் தட்டையாகி மண்ணைத் தொடும் பரப்பு நீள்வதால், ஓரலகுப் பரப்பின்மீது விழும் சுமை குறைகிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததற்கும் இதுவே காரணம். அளவுக்கு மேல் குறைத்தால் டயர் வளையத்திலிருந்து கழன்றுவிடும். குறைந்த காற்றுடன் தார்ச்சாலையில் விரைந்தால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். ஆதலால் காற்றடிக்கும் கருவியும் அழுத்தமானியும் இன்றியமையாதவை.

மண்வெட்டி, சக்கரத்தின் அடியில் இடும் பலகைகள், இழுவைக் கயிறு, மாற்றுச் சக்கரங்கள், தூக்கியின் அடியில் வைக்க அகன்ற மரப்பலகை, முதலுதவிப் பெட்டி, கைவிளக்கு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

உடலையும் உள்ளத்தையும் ஆயத்தம் செய்தல்

வெப்பத்திற்கு உடல் பழக ஓரிரு வாரங்கள் ஆகும். வியர்வை ஆவியாகும்போதே உடல் குளிர்கிறது. நீர் குறைந்தால் அக்காப்பும் குறைகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் குடிநீரேனும் தேவை. இடர்க்காலத்திற்கெனக் கூடுதலாக இரண்டு நாள் நீரும் வேண்டும். அதனை ஒரே கலத்தில் வைக்காமல் பல கலங்களில் பிரித்து வைத்தல் அறிவுடைமை. உப்புச் சர்க்கரைக் கரைசலும் உடன் இருக்கட்டும். தளர்ந்த பருத்தி ஆடை உடலை வெயிலிலிருந்து காக்கும். இரவுக் குளிருக்குக் கம்பளி தேவைப்படும். தலைவலி, மயக்கம், மனக்குழப்பம் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அவை தோன்றியதும் நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, காற்று வீசச் செய்து, மருத்துவ உதவியை நாட வேண்டும்.

தனி வாகனத்தில் செல்லாமல் இரண்டு வாகனங்களாகவேனும் செல்லுதல் முறை. செல்லும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றை ஊரில் உள்ள ஒருவரிடம் தெரிவித்துவிட்டே புறப்பட வேண்டும். கைப்பேசி செயலிழந்தாலும் வழிகாட்ட, வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருத்தல் வேண்டும்.

மணலில் ஓட்டும் முறை

காற்று வீசும் பக்கத்தில் மணற்குன்று சாய்வாகவும் இறுகியும் இருக்கும். மறுபக்கம் செங்குத்தாகவும் நெகிழ்ந்தும் இருக்கும். எனவே ஏறுமுன் இறங்கி நடந்து பார்த்தல் நன்று. குன்றில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்காக ஓட்டினால் வாகனம் உருண்டுவிடும். சீரான வேகமே சிறந்தது. திடீரென நிறுத்தியை அழுத்தினால் சக்கரத்தின் முன் மணல் குவியும். நிறுத்த நேர்ந்தால் இறக்கத்தில் நிறுத்துக. மீண்டும் கிளம்புதல் எளிதாகும்.

சக்கரம் புதைந்தால் விசையை மிகுத்தல் கூடாது. மிகுத்தால் வாகனத்தின் அடிப்பகுதி மணலில் அமர்ந்துவிடும். சக்கரங்களின் முன்னும் பின்னும் மணலை அகற்றி, காற்றை மேலும் சிறிது குறைத்து, பலகையிட்டு மெல்ல வெளியேற வேண்டும். வழி தவறினால் வாகனத்தை விட்டு அகலக் கூடாது. அது நிழல் தரும். தேடுவோர் கண்ணுக்கு நடந்து செல்லும் மனிதரைவிட எளிதில் புலப்படும்.

நிலத்திற்குச் செய்யும் கடமை

பாலை வெற்றிடமன்று. செய்சல்மேர், பார்மேர் பகுதிகளில் பரவியுள்ள பாலைவனத் தேசியப் பூங்கா, அருகிவரும் கானமயிலின் புகலிடம். தரையில் முட்டையிடும் அப்பறவைக்கு ஒரு சக்கரத்தின் தடமே அழிவாகக்கூடும். மணலைப் பிணைத்து நிறுத்தும் புல்லும் புதரும் அழிந்தால் மணல் ஊர்களை நோக்கி நகரும். நம் குதிரைமொழித் தேரியும் காப்புக்காடே. எல்லையோரப் பகுதிகளுக்கும் காடுகளுக்கும் உரிய இசைவு பெற்றே செல்லுதல் வேண்டும். இட்ட வழியிலேயே வாகனத்தைச் செலுத்துதல் வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் பெறும் 18 வயதை நீங்கள் விரைவில் எட்டுவீர்கள். அச்சத்தால் வீட்டில் முடங்குவதும் ஆராயாது பாய்வதும் துணிவாகா. இடரை முன்னரே எண்ணி, அதற்கு விடையும் தேடி வைத்த பின் எடுத்து வைக்கும் அடியே துணிவு.

கற்பவை கற்றபின்

1. டயரின் காற்றழுத்தத்தைக் குறைப்பதால் வாகனம் மணலில் புதையாமைக்குரிய காரணத்தை, இயற்பியல் பாடத்துடன் தொடர்புபடுத்தி விளக்குக.

2. நால்வர் இரண்டு நாள் மணற்பயணம் செல்வதாகக் கொண்டு, இடர்க்கால நீரையும் சேர்த்துத் தேவைப்படும் குடிநீரின் அளவைக் கணக்கிடுக.

3. உங்கள் ஊரில் நடைபெறும் ஒரு தொழிலில் மேற்கொள்ளப்படும் முன்னேற்பாடுகளை, அத்தொழில் செய்வோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரையாக எழுதுக.

4. ‘பாலை வெற்றிடமன்று’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.