சந்தைப் பட்டினமும் சுற்றுக் கிராமங்களும்

ஒரு கிராமத்தின் சனத்தொகை ஏன் குறைகிறது? "இளைஞருக்குப் பட்டண மோகம்" என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தின் வடக்கே, யோக்ஷயர் மலைநாட்டில், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கிலுள்ள ஹோஸ் பட்டினத்தின் வரலாறு வேறொரு விடையைத் தருகிறது.

சந்தையும் பாதையும்

ஹோஸ் பெரிய ஊரன்று. ஏறத்தாழ ஆயிரம் பேரே அங்கு வாழ்கின்றனர். ஆயினும் கேல், பேட்டர்செட், பெயின்பிரிட்ஜ் முதலிய கிராமங்களுக்கு அதுவே மையம். செவ்வாய்க்கிழமை சந்தை நாள். ஆடு மாடுகளை ஓட்டிச் சென்று விற்றுவிட்டு அன்றே வீடு திரும்பக்கூடிய தூரமே பழைய காலத்தில் ஒரு சந்தையின் எல்லையாக இருந்தது.

முதலில் இப்பகுதியின் சந்தை ஊர் அஸ்க்ரிக். அதற்கு 1587இல் சந்தை உரிமை கிடைத்தது. ஹோசுக்கு 1699இல்தான் கிடைத்தது. 1795இல் பிரதான வண்டிப் பாதை ஹோஸ் வழியாகத் திருப்பப்பட்டதும் வியாபாரமும் அப்பக்கம் திரும்பியது. அஸ்க்ரிக் மக்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை. பாதை மாறிவிட்டது, அவ்வளவே.

மக்கள் ஏன் வெளியேறினர்?

அயலிலுள்ள சுவேல்டேல் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத் தொழிலாளர் சிறு துண்டு நிலத்தில் மாடும் வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினிலிருந்து மலிவான ஈயம் வந்து குவிந்தது, விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் டேர்ஹம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், லங்காஷயர் பஞ்சாலைகளுக்கும், கடல் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றன. வேலை போனது, பின்னரே மக்கள் போயினர்.

ஹோசுக்கு 1878இல் புகையிரதம் வந்தது. பாலும் கற்பலகைகளும் வெளியூர் சென்றன. 1959இல் பயணிகள் சேவை முற்றாக நின்றது.

பாற்கட்டி காத்த ஊர்

1897இல் ஹோசில் ஒரு பாற்கட்டித் தொழிற்சாலை தொடங்கியது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் அது மூடப்படவிருந்தபோது, கிற் கல்வேட் என்பவர் உள்ளூர் விவசாயிகளிடம் பணம் திரட்டி 1935இல் அதை மீட்டார். பின்னர் உரிமை வெளியார் கைக்கு மாறியது. 1992 மே மாதத்தில் தொழிற்சாலை மூடப்பட்டு 59 பேர் வேலை இழந்தனர். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் முன்னாள் முகாமையாளர்கள் அதை வாங்கி, பழைய தொழிலாளர் சிலருடன் மீண்டும் திறந்தனர். ஒரு தொழிற்சாலை மூடினால் அதற்குப் பால் கொடுக்கும் பண்ணைகளும், அப்பண்ணைப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையும் ஆட்டம் காணும் என்பதை ஊர் உணர்ந்திருந்தது. 2021இல் கனடிய நிறுவனமொன்று அதை வாங்கியது. எனவே உரிமை பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை.

இன்றைய சிக்கல்

இன்று வீடுகள் இருக்கின்றன. பலவற்றில் நிரந்தரமாக வாழ்வோர் இல்லை. அழகிய மலைநாடாகையால் வெளியூர்ச் செல்வந்தர் விடுமுறை இல்லங்களை வாங்குகின்றனர். உழைப்பவரின் சம்பளத்துக்கு வீடு எட்டாத விலையாகிவிட்டது. இளங்குடும்பங்கள் வெளியேற, பாடசாலைகளில் பிள்ளைகள் குறைகின்றனர். ஆர்கென்கார்த்டேல் பள்ளத்தாக்கில் 1659இல் தோன்றிய பாடசாலை 2019இல் மூடப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் வட யோக்ஷயர் சபை இரண்டாம் வீடுகளுக்கு இரு மடங்கு வரி விதிக்கிறது.

மக்களும் கைகட்டி நிற்கவில்லை. தபாற் கந்தோர், நூலகம், சிறு பஸ் சேவை ஆகியவற்றை ஹோசில் ஒரு சமூக அமைப்பே பொறுப்பேற்று நடத்தி வந்திருக்கிறது. பஸ்களை ஓட்டுவோரிற் பலர் தொண்டர்கள்.

நாம் கற்பது என்ன? வேலை, பாதை, பாடசாலை, வாங்கக்கூடிய வீடு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கும் தூண்கள். ஒன்று சாய்ந்தால் மற்றவையும் சாயத் தொடங்கும். ஆனால் சாயும் வேளையில் ஒருவர் தோள் கொடுத்தால் நிமிர்த்தவும் முடியும்.

குழுவாகச் சிந்திக்க:

1. ஹோசில் மக்கள் வெளியேறுமுன் எவை வெளியேறின?
2. 1935இல் விவசாயிகள் பணம் போடாதிருந்தால் சுற்றுக் கிராமங்களுக்கு என்ன நேர்ந்திருக்கும்?
3. நமது ஊரில் இந்த நான்கு தூண்களில் எது முதலிற் சாய்கிறது? அதற்குத் தோள் கொடுக்க வேண்டியவர் யார்?